கேட்காமல் போன வழி

கெல்டன் ஊரில் என்னைவிட மரியாதை கெட்டவள் யாரும் இல்லை. இதை ஒருவரும் என் முகத்துக்கு நேராகச் சொன்னதில்லை. இந்த ஊரில் எவரும் எவர் முகத்துக்கு நேராகவும் எதையும் சொல்ல மாட்டார்கள். "மேவிஸா? அவங்க மனசுல பட்டதைச் சொல்லிடுவாங்க" என்பாள் ரொட்டிக்கடை ஜீன் பார்ஜெட்டர். அதைச் சொல்லும்போது கண்ணை லேசாக மூடிக்கொள்வாள்.

நான் கிரிம்ஸ்பி துறைமுகத்தில் பிறந்தவள். ரான் டக்கெட்டைக் கட்டிக்கொண்டு இங்கே வந்தேன். வியாழக்கிழமைச் சந்தையில் எங்களுக்கு மீன் கடை. ரான் போய்ச் சேர்ந்த பிறகும் கடையை விடவில்லை. ஹாடாக், காட், புகை போட்ட ஹெர்ரிங், வேகவைத்து ஓட்டிலேயே நிரப்பிய நண்டு எல்லாம் என்னிடம் கிடைக்கும். என் வாய்க்குப் பயந்தவர்கள்கூட என் நண்டுக்காக வரிசையில் நின்றார்கள். இடுப்பெலும்பு கைவிட்ட பிறகுதான் கடையைக் கைமாற்றினேன். இப்போது மில் சந்தில் வயதானவர்களுக்கென்று கட்டிவைத்திருக்கிற தர்ம வீடுகளில் ஒன்றில் இருக்கிறேன். வெளியே போக ஒரு பேட்டரி வண்டி. மகன் க்ளைவ் வாங்கிக் கொடுத்தது.

மில் சந்திலிருந்து சந்தைத் திடலுக்குப் போக இரண்டே வழி. ஒன்று சர்ச் மேடு. கூழாங்கல் பதித்த செங்குத்தான ஏற்றம். இன்னொன்று கறுப்புக்கடா விடுதியின் முற்றம். குதிரை வண்டி ஓடிய காலத்து விடுதி அது. பின்வாசல் எங்கள் சந்தில், முன்வாசல் திடலில், நடுவே மேடு பள்ளம் இல்லாத தரை. மருந்துக் கடை, டாக்டர், தபால் ஆபீஸ், சந்தை, சர்ச் எல்லாம் திடலில்தான். ஊரே அந்த முற்றத்தின் வழியாகத்தான் போய் வந்தது. பழைய முதலாளி வால்ட்டர் க்ரிம்ஷா இருந்தவரைக்கும் அந்த வாசல்களை மூடி யாரும் பார்த்ததில்லை.

வால்ட்டர் செத்தார். அவர் பிள்ளைகள் விடுதியை விற்றார்கள். வாங்கியவன் டோபி ஃபேர்லி, லண்டன்காரன், முப்பத்தைந்துக்குள் இருக்கும். கெட்டவன் என்று சொல்ல எனக்கு ஆசைதான். ஆனால் அப்படி இல்லை, அதுதான் தொல்லை. கெட்டவன் வந்திருந்தால் இந்த ஊர் ஒரு வழியாகச் சமாளித்திருக்கும். சிரித்த முகமாக, எல்லோர் பெயரையும் நினைவு வைத்துக்கொண்டு, நாய்க்குக்கூடத் தண்ணீர் வைக்கிற ஒருவன் வந்தால் இவர்களுக்குக் கையும் ஓடாது, காலும் ஓடாது.

மே மாதம் ஒரு காலையில் மருந்து வாங்கக் கிளம்பினேன். பின்வாசலில் புதுசாக ஓர் இரும்புக் கதவு. அதற்குள் தொட்டித் தொட்டியாக ஆலிவ் மரங்கள். எங்கள் லிங்கன்ஷயர் குளிரில், வெயில் நாட்டு ஆலிவ் மரம். நான் வண்டியின் ஹாரனில் கை வைத்து, எடுக்கவே இல்லை. ஏப்ரனோடு ஓடி வந்தான் டோபி.

"குட் மார்னிங், மிஸஸ் டக்கெட்."

"கதவைத் தொற."

"அதான்... ஒரு சின்ன மாற்றம். முற்றத்துல மேசை போடப் போறோம். ஜனங்க சாப்பிடற எடத்துல ஆளுங்க குறுக்கயும் நெடுக்கயும் போனா நல்லா இருக்காது பாருங்க."

"நான் குறுக்கயும் போகல, நெடுக்கயும் போகல. மருந்துக் கடைக்குப் போறேன்."

"சர்ச் மேடு வழியா..."

"அந்த மேட்டுல போன வருஷம் காய்கறி வாங்கப் போயி, வண்டியோட கவுந்து, கடைக்காரன் முட்டைக்கோஸ் கூடைக்குள்ள கெடந்தேன். ஊரே கூடி எனக்கு டீ குடுத்துச்சு. தூக்கி விடலாம்னு ஒருத்தருக்கும் தோணல. தொட்டா மரியாதையா இருக்காதாம்."

அவன் சிரித்துவிட்டான். பிறகு மிகவும் வருத்தப்பட்டான். கதவை மட்டும் திறக்கவில்லை. அன்றைக்கு என் மருந்தை யாரோ வாங்கி வந்து கொடுத்தார்கள். மறுநாளும் யாரோ. அதற்கடுத்த வாரம் அந்த யாரோவுக்கு வேறு வேலை வந்துவிட்டது.

க்ளைவ் தூரத்தில், ஸ்விண்டன் நகரத்தில் இருக்கிறான். ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணுவான். விஷயம் தெரிந்ததும் காரை எடுத்துக்கொண்டு நேரே வந்துவிட்டான். தன் வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு முதியோர் இல்லம் இருக்கிறது, அறை ஒன்று சொல்லி வைத்திருக்கிறேன் என்றான். சுத்தமாக இருக்குமாம். வேளாவேளைக்குச் சாப்பாடாம்.

"ஜன்னல்லேர்ந்து என்ன தெரியும்?" என்று கேட்டேன்.

"கார் நிறுத்தற எடம். ஆனா ஓரத்துல மரம் இருக்கும்மா."

"நான் போக மாட்டேன்."

"கடைக்குப் போக முடியல, டாக்டர்கிட்டப் போக முடியல. இங்க தனியா உக்காந்து என்னம்மா பண்ணப் போற? அந்தக் கதவு தொறந்தா நீ இங்க இரு, நான் ஒண்ணும் சொல்லல. தொறக்கலன்னா கிறிஸ்துமஸுக்குள்ள என்கூட வந்துடணும்."

அவன் சொன்னது நியாயம். அதனால்தான் எனக்கு அவ்வளவு கோபம் வந்தது. என் கண் எதிரே வளர்ந்த பிள்ளை என்னை ஒரு பெட்டியில் போட்டு மூடப் போகிறான், அதுவும் அன்பாக. எனக்கு அன்றைக்குப் பயமாக இருந்தது. கடலுக்குப் போன அப்பா திரும்பி வராத வருஷத்துக்குப் பிறகு நான் எதற்கும் அப்படிப் பயந்ததில்லை.

க்ளைவ் இருக்கும்போதே டோபி வந்தான். ஒரு கையில் இஞ்சி கேக், இன்னொரு கையில் புதுச் சாவி.

"மிஸஸ் டக்கெட், ராத்திரியெல்லாம் யோசிச்சேன். உங்களுக்கு மட்டும் கதவுச் சாவி ஒண்ணு தர்றேன். எப்ப வேணா போங்க, வாங்க. ஊர்ல யாருக்கும் சொல்ல வேணாம்."

க்ளைவ் முகம் மலர்ந்துவிட்டது. "ரொம்ப நல்ல மனசு உங்களுக்கு" என்றான்.

நான் கேட்டேன்: "பக்கத்து வீட்டு ஆட்ரி நாலு கால் கம்பியைப் பிடிச்சுக்கிட்டுத்தான் நடக்கறா. அவளுக்கு?"

"அது... எல்லாருக்கும் குடுத்தா அப்புறம் கதவு எதுக்கு?"

"அதையேதான் தம்பி நானும் கேக்கறேன்."

"அம்மா, வாங்கிக்கோ" என்று க்ளைவ் கெஞ்சினான்.

"சாவி குடுக்கறவன் நாளைக்கு அதைத் திருப்பிக் கேப்பான். நல்லவனா இருக்கறதால சிரிச்சுக்கிட்டே கேப்பான். எனக்கு வழி வேணும். தயவு வேணாம்."

கேக்கை வாங்கிக்கொண்டேன். சாவியை அவன் கையிலேயே விட்டேன். டோபி போன பிறகு க்ளைவ் கோட்டை மாட்டிக்கொண்டு கிளம்பினான். காரில் ஏறும்போது சொன்னான்: "உன் வீம்புக்கு ஒரு அளவு வேணும்மா." அவன் போன பிறகு கேக்கைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன். கை நீட்டினால் முடிந்திருக்கும் விஷயம். அழுதேன். அழுதுவிட்டு ஒரு துண்டு வெட்டித் தின்றேன். இஞ்சி குறைவு.

இதற்குள் ஊரில் ஒரு குழு அமைத்துவிட்டார்கள். இங்கே வீடு பற்றி எரிந்தாலும் முதலில் குழுதான் அமைப்பார்கள். தலைவர் டெஸ்மண்ட் ப்ரூம், பள்ளிக்கூடத்தில் தலைமை ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். சட்டத்தைப் படித்துவிட்டு வந்து எல்லோருக்கும் விளக்கினார். ஓர் இடத்தின் வழியாக ஜனங்கள் இருபது வருஷம் தடையில்லாமல் நடந்திருந்தால் அது பொதுவழி ஆகிவிடும், பிறகு எந்த முதலாளியும் மூட முடியாது. அரசாங்கத்திலிருந்து ஓர் இன்ஸ்பெக்டர் வந்து விசாரிப்பார், நாம் நடந்தோம் என்று நிரூபித்தால் போதும் என்றார்.

"ஊர்ல நல்ல பேரு எடுத்தவங்களா சாட்சிக்குப் பொறுக்கிருக்கேன்" என்றார் டெஸ்மண்ட்.

"என் பேரு?"

அவர் தன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "மேவிஸ், நீ பின்னாடி உக்காந்து தைரியம் குடுத்தா அதுவே பெரிய உதவி."

"நான் இன்ஸ்பெக்டரைத் திட்டிருவேன்னு பயம்."

"அப்படி நான் சொல்லல."

"நீங்க எதைத்தான் சொல்லிருக்கீங்க, டெஸ்மண்ட்?"

விசாரணை செப்டம்பரில், திடலில் இருக்கிற தானிய மண்டபத்தில் நடந்தது. என்னையும் என் வண்டியையும் ஆட்ரியையும் க்ளைவ் காரில் கொண்டு வந்து இறக்கினான். வியாழக்கிழமை, சந்தை நாள். வெளியே நல்ல மழை. சந்தைக்கு வந்த கிராமத்து ஜனங்கள் பையும் குடையுமாக உள்ளே ஒதுங்கி, பின் வரிசைகளில் டீயோடு உட்கார்ந்துகொண்டார்கள். விசாரணை அவர்களுக்கு ஒரு வேடிக்கை. இன்ஸ்பெக்டர் அக்ராய்ட் என்ற பெண்மணி, நரைத்த குட்டை முடி, பிரிஸ்டலிலிருந்து வந்தவர். டோபிக்காக ஹாலம் என்று ஒரு வக்கீல். அவருக்கு வெண்ணெய் மாதிரிக் குரல்.

முதல் சாட்சி ஜீன் பார்ஜெட்டர். நல்ல கோட்டு போட்டு, முத்து மாலை போட்டு வந்திருந்தாள். முப்பது வருஷமாக அந்த முற்றத்தின் வழியாகத்தான் கடைக்குப் போவேன் என்று கணீரென்று சொன்னாள். டெஸ்மண்ட் பெருமையாகத் தலையசைத்தார். ஹாலம் எழுந்தார்.

"மிஸஸ் பார்ஜெட்டர், முற்றத்துக்குள்ள போறதுக்கு முன்னாடி வால்ட்டர்கிட்ட ஏதாவது சொல்வீங்களா?"

"பின்ன? கேக்காம எப்படிப் போறது? 'ஒரு எட்டு இந்தப் பக்கமா போய்க்கலாமா வால்ட்டர்'னு கேப்பேன். 'தாராளமா போங்க கண்ணு'ம்பாரு."

"தினமுமா?"

"தினமும். அவர் இல்லன்னா அவர் சம்சாரத்தைக் கேப்பேன். கிறிஸ்துமஸுக்கு வழி விட்டதுக்கு நன்றியா ஒரு பழ கேக்கும் குடுப்பேன்."

"ரொம்ப நன்றி" என்று ஹாலம் உட்கார்ந்தார். ஜீன் சந்தோஷமாக இறங்கி வந்தாள். தன் வளர்ப்பை எடுத்துக் காட்டிவிட்ட நிம்மதி அவளுக்கு.

அடுத்தவர் சர்ச்சில் ஆர்கன் வாசிக்கிற லைல். அவரிடமும் அதே கேள்வி.

"கண்டிப்பா கேப்பேன். ஒரு தடவை வால்ட்டரும் இல்ல, வீட்டுல வேற யாரும் இல்ல. கேக்க ஆள் இல்லாததால மழையில மேட்டைச் சுத்திப் போனேன்" என்றார் லைல். அதைச் சொல்லும்போது நெஞ்சை நிமிர்த்தினார்.

ஒவ்வொருவராக வந்தார்கள். ஒவ்வொருவரும் கேட்டிருந்தார்கள். கேட்டதில் யார் பெரியவர் என்று போட்டியே நடந்தது. கடைசியாக வந்த டெஸ்மண்ட், தலைமை ஆசிரியராக இருந்தபோது பள்ளிக்கூடத்தின் சார்பில் வருஷம் தவறாமல் வால்ட்டருக்கு நன்றி சொன்னதாகச் சொல்லிவிட்டு, ஹாலம் சிரிப்பதைப் பார்த்துப் பாதியில் நிறுத்தினார். மனுஷனுக்கு முகம் வெளுத்துவிட்டது.

ஹாலம் மெதுவாக விளக்கினார். "உரிமைன்னா மூணு விஷயம் வேணும். ஒளிஞ்சு போயிருக்கக் கூடாது. சண்டை போட்டுப் போயிருக்கக் கூடாது. அனுமதி வாங்கிப் போயிருக்கக் கூடாது. இங்க வந்த எல்லாருமே அனுமதி வாங்கிட்டுத்தான் போயிருக்காங்க. வால்ட்டர் இவங்களுக்குச் செஞ்சது உதவி. உதவி செய்யறவர் எப்ப வேணா நிறுத்தலாம்."

ஜீன் முத்து மாலையைப் பிடித்துக்கொண்டாள். என் பக்கத்தில் க்ளைவ் உட்கார்ந்திருந்தான். அவன் என் கையை எடுத்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டான். அந்தக் கை எனக்கு எல்லாவற்றையும் சொல்லிவிட்டது. ஸ்விண்டன், கார் நிறுத்துகிற இடம், ஓரத்து மரம்.

எனக்கு வந்த ஆத்திரம் ஹாலம் மேல் இல்லை. அவர் வேலையை அவர் செய்தார். என் ஊர் மேல்தான். காலுக்கடியில் இருக்கிற மண்ணுக்குக்கூட மன்னிப்புக் கேட்டு நடக்கிற ஜனங்கள். இத்தனை வருஷம் கேட்டுக் கேட்டே சொந்த வழியை இரவல் வழியாக்கிவிட்டார்கள்.

க்ளைவ் கையை உதறிவிட்டு வண்டியைக் கிளப்பினேன். நடு வழியில் ஒரு குடையை ஏற்றி நசுக்கிக்கொண்டு முன்னால் போய் நின்றேன்.

"நான் பேசணும்."

டெஸ்மண்ட் கண்ணை மூடிக்கொண்டார். இன்ஸ்பெக்டர் என்னைப் பார்த்தார். "உங்க பேரு சாட்சிப் பட்டியல்ல இல்லையே?"

"மேவிஸ் டக்கெட். போட மாட்டேன்னுட்டாங்க. நான் திட்டிருவேனாம்."

"திட்டுவீங்களா?"

"அது நீங்க என்ன கேக்கறீங்கங்கறதைப் பொறுத்தது."

இன்ஸ்பெக்டரின் உதடு ஓரம் அசைந்தது. "சொல்லுங்க" என்றார்.

"நான் முப்பத்தாறு வருஷம் அந்த முற்றத்து வழியா மீன் வண்டி தள்ளிக்கிட்டுப் போனேன். பட்டப்பகல்ல. ஒரு நாள்கூட யாரையும் கேட்டது கிடையாது."

ஹாலம் எழுந்து வந்தார். வெண்ணெய்க் குரலில் இப்போது கொஞ்சம் உப்பு இருந்தது.

"மிஸஸ் டக்கெட், நீங்க போறது வால்ட்டருக்குப் பிடிச்சுதா?"

"பிடிக்கல. தரையெல்லாம் மீன் தண்ணி சொட்டும்ல."

"ஆக, போகக் கூடாதுன்னு சொன்னாரு. நீங்க மீறிப் போனீங்க."

அது கண்ணி என்று எனக்கும் புரிந்தது. ஆனால் உண்மையே எனக்குப் போதுமானதாக இருந்தது.

"சொல்லவே இல்ல. வாசல்ல நிப்பாரு. என்னைப் பாத்ததும் முகம் சுருங்கும். வானத்தைப் பாத்து, 'மழை வரும் போல இருக்கு, மிஸஸ் டக்கெட்'ம்பாரு. வெயில் கொளுத்திக்கிட்டு இருக்கும். நான் 'வரும்'னு சொல்லிட்டுப் போயிடுவேன். முப்பத்தாறு வருஷமா எங்களுக்குள்ள இதுதான் பேச்சு."

மண்டபம் முழுக்கச் சிரிப்பு. வால்ட்டரின் அந்த வானம் பார்க்கிற முகத்தை எல்லோருக்கும் தெரியும்.

"வாயைத் தொறந்து ஒரு தடவைகூடத் தடுக்கலையா?" என்று இன்ஸ்பெக்டரே கேட்டார்.

"அவரு கெல்டன்காரரும்மா. வீட்டுக்குள்ள திருடன் வந்தாக்கூட டீ போடவான்னுதான் கேப்பாரு."

"நீங்க ஏன் கேக்கல?" என்றார் ஹாலம். "ஊர்ல இத்தனை பேரு கேட்டிருக்காங்க. மரியாதைக்காகவாவது?"

"கேட்டா, இல்லன்னு சொல்ல அவருக்கு நானே வாய்ப்புக் குடுத்த மாதிரி ஆயிடும். வழி இருக்கு, நான் போறேன். இதுல கேக்க என்ன இருக்கு?"

"டோபி ஃபேர்லி உங்களுக்குச் சாவி குடுக்க வந்தாரே?"

"வந்தான். நான் வாங்கல. அவனையே கேளுங்க."

டோபி எழுந்து நின்றான். "ஆமா, வாங்கல. கேக்கை மட்டும் வாங்கிக்கிட்டாங்க" என்றான். அந்தப் பையன் மறைக்கவில்லை. அதற்காக அவனை எனக்கு அந்த நிமிஷம் பிடித்திருந்தது.

க்ளைவ் பக்கம் திரும்பவில்லை நான். திரும்பியிருந்தால் பேச்சு நின்றிருக்கும்.

ஹாலம் விடவில்லை. இன்ஸ்பெக்டரைப் பார்த்துச் சொன்னார்: "சரி, மிஸஸ் டக்கெட் கேக்கல. ஒத்துக்கறேன். ஆனா ஒருத்தர் நடந்தா அது பொதுவழி ஆகாது. ஊர்ல ஒரே ஒருத்தருக்கு மரியாதை தெரியலங்கறதால மத்தவங்களுக்கு உரிமை வந்துடாது."

அவர் சொன்னதும் சரிதான். திரும்பிப் பின் வரிசைகளைப் பார்த்தேன். பார்த்தால், கடையில் இல்லாத மீனாகப் பார்த்துக் கேட்கிற அதே முகங்கள். ஈரக் கோட்டும் பையுமாக, வியாழன் தவறாமல் என் கடை முன்னால் நின்ற முகங்கள். என் கடை இருந்தது எங்கே? கறுப்புக்கடா முற்றத்தின் முன்வாசலை ஒட்டி. இவர்கள் பஸ்ஸை விட்டு இறங்குவது எங்கே? மில் சந்துப் பாலத்தில். என் கடை வரிசை நீண்டால் வால் எங்கே போய் நிற்கும்? முற்றத்துக்குள்.

"சிரில் ஸ்டப்ஸ்" என்று கூப்பிட்டேன். நெதர்க்ராஃப்ட் கிராமத்தில் பன்றி வளர்க்கிற ஆள். டீக் கோப்பையைக் கையில் பிடித்தபடி திடுக்கிட்டு எழுந்தார். "வாராவாரம் பொண்டாட்டிக்கு நண்டு வாங்க வருவியே. பஸ்ஸை விட்டு எறங்கி என் கடைக்கு எந்த வழியா வருவ?"

"அந்த விடுதி முற்றத்து வழியாத்தான். வேற எப்படி?"

"எத்தனை வருஷமா?"

"கல்யாணம் ஆனதுலேர்ந்து. பெரிய பொண்ணுக்கே முப்பது வயசு ஆச்சு."

"உள்ள நுழையறதுக்கு முன்னாடி வால்ட்டரைக் கேப்பியா?"

சிரில் என்னைப் பார்த்தார். ஹாலமைப் பார்த்தார். இன்ஸ்பெக்டரைப் பார்த்தார்.

"வால்ட்டரா? யாரு வால்ட்டரு?"

இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை. இன்ஸ்பெக்டர் பேனாவை எடுத்தார்.

சிரிலுக்குப் பின்னால் ஒரு பெண் எழுந்தாள். "நானும் அந்த வழியாத்தான் வருவேன். ஊர் வழின்னு நெனச்சேன். வழியில நடக்க யாரைக் கேப்பாங்க?" அவளுக்குப் பக்கத்தில் ஒருவர் எழுந்தார். "எங்க அம்மா கையைப் பிடிச்சுக்கிட்டு வந்த காலத்துலேர்ந்து." பிறகு இன்னொருவர். எங்கள் ஊர்க்காரர்கள் வாயைப் பிளந்துகொண்டு திரும்பி உட்கார்ந்திருந்தார்கள். எத்தனையோ வருஷமாக அவர்கள் தினமும் கெஞ்சிக் கடந்த முற்றத்தில், அந்தப் பக்கத்துக் கிராமமெல்லாம் வியாழன்தோறும் ஒருவரையும் கேட்காமல் காலாற நடந்து போயிருக்கிறது. அவர்களை அங்கே வரிசையில் நிற்க வைத்தது என் நண்டு. ஹாலம் தன் காகிதங்களை அடுக்க ஆரம்பித்தார்.

அன்றைக்கு க்ளைவ் என் வண்டியைக் காரில் ஏற்றிக் கட்டினான். பிறகு, "அந்தச் சாவியை வாங்கச் சொல்லி நான் எவ்வளவு கெஞ்சினேன்" என்றான்.

"கெஞ்சின."

"வாங்கியிருந்தா?"

"அதுவும் அனுமதிதான்னு சொல்லி என் பேச்சை அடிச்சிருப்பாங்க. உன் ஸ்விண்டன் மரத்தை எண்ணிக்கிட்டு இருந்திருப்பேன்."

முடிவு நவம்பர் கடைசியில் வந்தது. முற்றம் பொதுவழி, கதவை எடுக்க வேண்டும். டெஸ்மண்ட் வீடு வீடாகப் போய்ச் சொன்னார். என் வீட்டுக்கு வந்தவர் வாசலிலேயே நின்று, கண்ணாடியைத் துடைத்து, "மேவிஸ், உன்னைப் பட்டியல்ல போடாதது என் தப்பு" என்றார். இந்த ஊரில் ஒருவர் என் முகத்துக்கு நேராகச் சொன்ன முதல் வார்த்தை அதுதான். உள்ளே வந்து டீ குடிக்கச் சொன்னேன். க்ளைவ் போனில் அந்த அறையை விட்டுக் கொடுத்துவிட்டதாகச் சொன்னான். சொல்லும்போது அவன் குரல் கரகரத்தது. நான் மூக்கை உறிஞ்சினேன். இரண்டு பேரும் சளி என்று சொல்லிக்கொண்டோம்.

கதவை எடுத்த பிறகு வந்த முதல் வியாழன். பளிச்சென்ற வானம், பல் கிட்டிக்கிற குளிர். சந்தைக்குக் கிளம்பிப் பின்வாசலுக்கு வந்தால், ஊரில் பாதிப்பேர் அங்கே நிற்கிறார்கள். ஜீன், லைல், கம்பியைப் பிடித்தபடி ஆட்ரி, இன்னும் பலர். கதவு இல்லை, தடுக்க ஆளில்லை, ஆனாலும் ஒருவரும் உள்ளே கால் வைக்கவில்லை. நீங்க போங்க, இல்ல நீங்க மொதல்ல என்று ஒருவருக்கொருவர் வழி விட்டுக்கொண்டு நிற்கிறார்கள். எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது.

அவர்களை விலக்கிக்கொண்டு வண்டியை உள்ளே விட்டேன். டோபி ஆலிவ் தொட்டிகளைச் சுவரோரமாக நகர்த்திக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும் கையைத் துடைத்துக்கொண்டு, முகம் நிறையச் சிரிப்போடு வழி காட்டினான்.

"வாங்க, வாங்க, மிஸஸ் டக்கெட். தாராளமா போங்க."

வண்டியை நிறுத்தினேன்.

"என்ன சொன்ன?"

"தாராளமா போங்கன்னு..."

நான் வண்டியைப் பின்னுக்கு எடுத்தேன். அது கீச் கீச்சென்று கத்திக்கொண்டே பின்னால் போயிற்று. ஜீனும் லைலும் இரு பக்கமும் ஒதுங்கினார்கள். வாசலுக்கு வெளியே, மில் சந்தில், முதலில் நின்ற இடத்திலேயே போய் நின்றேன். நின்று அவனைப் பார்த்தேன். எவ்வளவு நேரமானாலும் சரி என்று உட்கார்ந்திருந்தேன்.

டோபி ஒரு கணம் விழித்தான். பிறகு அவன் முகத்தில் அது விளங்கிவிட்டது தெரிந்தது. மண்டபத்தில் அவனும்தானே இருந்தான். கைகளை ஏப்ரன் பைக்குள் விட்டுக்கொண்டு, தலையை மெதுவாகத் தூக்கி வானத்தைப் பார்த்தான். ஒரு பொட்டு மேகம் இல்லை.

"மழை வரும் போல இருக்கு, மிஸஸ் டக்கெட்" என்றான்.

"வரும்" என்று சொல்லிவிட்டு வண்டியை உள்ளே விட்டேன். எனக்குப் பின்னால் ஜீன் வந்தாள். அவள் பின்னால் லைல், ஆட்ரி, மற்றவர்கள் எல்லோரும் முகம் சிவக்கச் சிவக்க, வரிசையாக, ஒருவரையும் ஒரு வார்த்தை கேட்காமல் வந்தார்கள்.